பாட்டுக்கு அடியில் போன வாப்பாவின் சத்தம்

கேமராவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டு எங்களையெல்லாம் படத்துக்குள் தள்ளிவிட்ட என் ஆசை வாப்பாவுக்கு, உங்கள் ஜொஹராவின் ஸலாம்.

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் சத்தம் கிடைத்துவிட்டது. நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு நம் மேலப்பாளையம் வீட்டு முன்னறையில், நீங்கள் சவுதியிலிருந்து தூக்கிவந்த அதே டிவிடி பிளேயரில், வாய் ஓயாமல் பேசினீர்கள். அல்ஹம்துலில்லாஹ்! இப்போதுதான் எனக்கு மூச்சே சீராக வருகிறது. நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

நீங்கள் போன பிறகு துக்கம் காத்த இத்தா நாட்கள் முடிந்ததும் உம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஏளா ஜொஹரா, அவுஹ மொகம் கண்ணுக்குள்ளேயே நிக்கி. சத்தந்தான் பையப் பைய மறந்துக்கிட்டு வருது. எங்கனயாவது இருக்கா?"

பதறிப்போனேன். ஃபோனைத் துழாவினால் நீங்கள் அனுப்பியதெல்லாம் பெருநாள் வாழ்த்துப் படங்கள். பேச்சுக்குப் பஞ்சமே இல்லாத மனிதர், ஒரு குரல் பதிவு அனுப்பியிருக்கக் கூடாதா வாப்பா?

பிறகுதான் உங்கள் கைக்கேமராவும் அந்தக் குட்டி டேப்புகளும் ஞாபகம் வந்தன. சவுதியிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் எடுப்பீர்களே: பாபநாசத்துக் குளியல், பெருநாள் சாப்பாடு, என் நிக்காஹ். ஒன்றிலும் நீங்கள் கிடையாது. நீங்களும் வந்து நில்லுங்கள் என்று உம்மா கூப்பிட்டால், "அங்கன ரூமுல உக்காந்து என்னையா பாக்கப்போறேன்? ஒங்களப் பாக்கத்தானே எடுக்கேன்" என்பீர்கள். படத்தில் நீங்கள் என்றால் அவ்வப்போது லென்ஸை மறைக்கும் ஒரு கட்டைவிரல், அப்புறம் அந்தச் சத்தம். அவ்வளவுதான்.

வண்ணார்பேட்டையில் ஒரு ஸ்டுடியோவில் டேப்புகளைக் கொடுத்தேன். உம்மாவுக்கு ஃபோனில் போட்டுப் பார்க்க வராது, டிவிடியாகவே வேண்டும் என்றேன். வாங்கிவந்து போட்டால் படம் பளிச்சென்று இருக்கிறது. அட்டையில் ரோஜாப்பூ வேறு. ஆனால் ஆரம்பம் முதல் முடிவு வரை பாட்டு! நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? வீட்டு விசேஷப் படம் என்றால் மனுசர் பேசுவதை எடுத்துவிட்டு மேலே பாட்டை ஏற்றிவிடுவார்கள். உம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். "இதுல அவுஹ இல்லையே" என்று எழுந்து போய்விட்டாள்.

எனக்கு வந்ததே கோபம்! அடுத்த பஸ்ஸில் ஸ்டுடியோவில் போய் நின்றேன்.

"அண்ணாச்சி, ஒங்ககிட்ட பாட்டு யாரு கேட்டா?"

"எல்லாரும் பாட்டுதாம்மா கேப்பாவ. இதுல கேமராவுக்குப் பின்னாடி ஒரு ஆளு வேற தொணதொணன்னு பேசிக்கிட்டே இருக்காரு. தொந்தரவா இருக்கும்னு எடுத்துட்டேன்."

"அந்த ஆளுதான் அண்ணாச்சி எங்க வாப்பா. மவுத்தாயிட்டாஹ."

அவர் முகம் செத்துப்போயிற்று. திட்டப் போன எனக்கே பாவமாகிவிட்டது. "மன்னிச்சுக்கம்மா. டேப்புல இருந்து எடுத்தது அப்படியே இருக்கு, அழிக்கல" என்று எல்லாவற்றையும் என் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிக் கொடுத்தார். திரும்பவும் தானே போட்டுத் தருவதாகச் சொன்னார். எனக்குத் துணிவில்லை. வாப்பா சத்தத்தில் இனி வேறு யாரும் கைவைக்க வேண்டாம் என்று நானே செய்ய உட்கார்ந்தேன்.

கம்ப்யூட்டரில் உங்கள் குரல் கணீரென்று வந்தது. ஆசை தீர அழுதுவிட்டு டிவிடி எழுதினேன். பிளேயரில் போட்டால், படம் ஓடுகிறது, சத்தத்தைக் காணோம்! இதென்ன சோதனை என்று தலையில் கைவைத்துவிட்டேன். தேடிப் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. சத்தத்தை நான் எழுதிவைத்த வகை கம்ப்யூட்டருக்குத் தெரியும், வீட்டு பிளேயருக்குத் தெரியாது. அதற்கென்று டால்பி மாதிரி சில வகைகள் இருக்கின்றன, அதில் எழுதினால்தான் வாயைத் திறக்கும்.

சரி என்று மாற்றி எழுதினேன். சத்தம் வந்தது, ஆனால் நொண்டிக்கொண்டு வந்தது. தொடக்கத்தில் ஒட்டியிருந்த பேச்சு, போகப் போகப் படத்தை விட்டுப் பின்தங்கியது. என் நிக்காஹ் முடிந்து நான் கிளம்பும்போது "நல்லா இரு மக்கா" என்று சொல்கிறீர்களே, அந்தச் சொல் வந்து சேரும்போது படத்தில் பிரியாணிச் சட்டிதான் இருக்கிறது. உங்கள் துஆவெல்லாம் சட்டிக்குப் போய்விட்டது வாப்பா!

பாபநாசத்தில் நீங்கள் கூப்பிடுவதற்கு முன்பே உம்மா திரும்பிப் பார்க்கிறாள். அதைப் பார்த்து, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இந்த உம்மா சிரித்தாள். எத்தனை நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பு! "அவுஹ கூப்பிடுததுக்கு முன்னாலேயே எனக்குத் தெரிஞ்சிரும்ளா. அப்படியே இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

நான் விடுவேனா? யார் மகள்? காரணம் உங்கள் கேமராதான். ஒரு விநாடிச் சத்தத்தை அது முப்பத்திரண்டாயிரம் துண்டாக எடுத்துவைத்திருக்கிறது. டிவிடிக்கு நாற்பத்தெட்டாயிரம் வேண்டும். நான் எல்லா வேலையையும் டிவிடி எழுதும் சாஃப்ட்வேர் தலையில் கட்டினேன், அது மாற்றுகிறேன் பேர்வழி என்று இழுத்துவிட்டது. எனவே சத்தத்தை மட்டும் தனியே பிரித்து, முறையாக மாற்றி, படத்தின் நீளமும் அதன் நீளமும் கடைசி வரை ஒத்துப்போகிறதா என்று பார்த்து, அதன் பிறகே சேர்த்தேன். இரைச்சலைக் குறைக்கலாமா என்று சாஃப்ட்வேர் கேட்டது. வேண்டவே வேண்டாம் என்றேன். அருவி இரைச்சலும் உங்கள் இருமலும் சேர்ந்ததுதானே நீங்கள்?

நேற்று போட்டேன். இந்தத் தடவையும் ஏதாவது பிசகினால் உம்மா முகத்தில் எப்படி விழிப்பது என்று பயந்துகொண்டே, பிஸ்மில்லாஹ் சொல்லி ரிமோட்டை அழுத்தினேன். பாபநாசம் வந்தது. படித்துறையில் உம்மா முந்தானையைப் பிழிந்துகொண்டிருக்கிறாள். "ஏளா சுலைகா, இங்கன பாரு" என்கிறீர்கள். படத்து உம்மா திரும்பிப் பார்த்துவிட்டு, வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறாள். "ஏளா, ஒன்னத்தாம்ளா, இங்கன பாரு" என்று மறுபடியும் கூப்பிடுகிறீர்கள்.

நாற்காலியில் இருந்த உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு டிவியைப் பார்த்துச் சொன்னாள்: "பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். சொல்லுங்க."

நீங்களும் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள் வாப்பா.

மிச்ச டேப்புகளையும் இப்படியே எழுதி உம்மா கையில் கொடுப்பேன். ஒரு பாட்டுகூட ஏற்ற மாட்டேன். இனி நம் வீட்டில் யார் படம் பிடித்தாலும், முடிக்கும் முன் கேமராவைத் திருப்பி, படம் பிடிக்கிறவர் முகத்தையும் காட்டியே ஆக வேண்டும். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

துஆவுடன்,
நீங்கள் படம் பிடிக்கையில் குறுக்கே குறுக்கே ஓடி வசவு வாங்கிய உங்கள் மூத்த மகள்,
ஜொஹரா