வாழைக்கறை படிந்த பட்டம்

பரணிலிருந்து அந்தக் காக்கிப் பையை இறக்கி முடிச்சை அவிழ்த்ததும் வாழைத்தோப்புச் சேற்றின் வாடை குப்பென்று அடித்தது. நாலு வருடம் கட்டி வைத்திருந்த வாடை. உங்களை நினைத்து அழவில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபம்தான் வந்தது. போய்ச் சேர்ந்த புருஷனோடு சண்டை போடக் கூடாது என்று பங்குச் சாமியார் சொல்கிறார். அவர் உங்கள் துணிப் பட்டத்தைத் துவைத்ததில்லை.

உங்கள் மகள்தான் கேட்டாள். அப்பாவின் பட்டத்தை இந்த ஆடியில் ஏற்ற வேண்டுமாம். முகமும் பிடிவாதமும் அப்படியே உங்களுடையவை. முடியாது என்று சொல்லிப் பார்த்தேன், நடக்கவில்லை. மொட்டைமாடியில் கொண்டுபோய் விரித்தேன். ஒரு சேலை நீளத்துக்குச் சேறு காய்ந்து கிடந்தது.

அவசரநிலை முடிந்த அடுத்த வருடம் என்று நினைவு. ரயில் பட்டறையில் வேலை பார்க்கிற மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கறி வாங்கிக் கொடுத்துவிட்டுத் தூங்குவார்கள். நீங்களோ, கழித்துப்போட்ட பாரசூட் துணியை எங்கிருந்தோ வாங்கி வந்து, என் தையல் மிஷினில் ஊசிகளை உடைத்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். தலையணை உறைகளை வரிசையாகச் சேர்த்துத் தைத்தது போல ஒன்று உருவாயிற்று. காற்று புகுந்தால் அந்த உறைகள் உப்பும். உப்பிவிட்டால் ஆளையே மணலில் இழுத்துக்கொண்டு போகும். இரண்டு கயிறு, இரண்டு கைப்பிடி. கொள்ளிடத்து மணலில் குதிகாலை ஊன்றிப் பின்னால் சாய்ந்து நிற்பீர்கள். தூரத்தில் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் சாரத்தோடு பாதி எழும்பி நிற்கும். பூசைக்குக் கட்டிய நல்ல சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பட்டத்தைத் தூக்கிப் பிடித்துவிடுவதற்கு நான். விழுந்தால் ஓடிப்போய் எடுப்பதற்கும் நான். வீட்டுக்கு வந்து கழுவுவதற்கும் நானேதான்.

முதல் தடவை உங்கள் வேட்டியைத் துவைப்பது போலவே துவைத்தேன். எனக்குத் தெரிந்தது அதுதானே. சலவை சோடாவில் ஊறவைத்து, கல்லில் அடித்து, நீலம் போட்டு, கஞ்சியில் முக்கி, நல்ல வெயிலில் காயப்போட்டேன். மொடமொடவென்று மடித்துப் பெருமையாக எடுத்து வந்தேன். ஆற்றில் போய் விரித்தால் கஞ்சி காய்ந்து உறைகளின் வாய் எல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது. காற்று எங்கே புகும்? மணலில் அப்பளம் போலக் கிடந்தது. நீங்கள் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். எதையும் வாய்விட்டுச் சொல்லாத உங்கள் புத்தி அப்போதே எனக்குப் பிடிக்காது.

பிறகு உங்கள் சட்டங்கள் வந்தன. ஈரச் சேற்றைத் தேய்க்காதே, அது நூலுக்குள் போய்விடும். காயவிட்டு உதறு. பழைய பல் பிரஷ்ஷால் மெல்லத் தட்டு. பூந்திக்கொட்டைத் தண்ணீர் போதும். முறுக்கிப் பிழியாதே. நிழலில் போடு. எல்லாம் சரிதான், ஒன்றும் தப்பில்லை. ஆனால் ஒரு நாளாவது அண்டாவில் கை வைத்தீர்களா? உன் கை பட்டால்தான் சுத்தமாகிறது என்று காபியோடு ஒரு வரி சொல்லிவிட்டுப் போய்விடுவீர்கள். ஒரு தடவை கைப்பிடியைக் கொடுங்கள் என்று கேட்டால் மட்டும், இழுக்கிற இழுப்புக்கு உன் தோள் தாங்காது என்பீர்கள். அத்தனை வருடமும் இதே பதில்.

அதனால்தான் அந்த ஆடி ஞாயிறு நீங்களாகக் கூப்பிட்டபோது எனக்கு நம்ப முடியவில்லை.

"ஸ்டெல்லா, இந்தா, இன்னைக்கு நீ பிடி. நான் கொஞ்சம் உக்கார்றேன்."

ஓடி வந்து வாங்கிக்கொண்டேன். உங்கள் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, பட்டத்தையே பார்த்தேன். தோள் தாங்கியது. உங்களிடம் அதைத்தான் சொல்ல வேண்டும், நன்றாகவே தாங்கியது. மணலில் இரண்டடி இழுத்துப் போனது, குதிகாலை ஊன்றி நிறுத்திவிட்டேன். வலது கையை இழுத்தால் வலது பக்கம் சாய்ந்தது, என் சொல்லைக் கேட்டது. சிரிப்பு அடக்க முடியவில்லை. பாத்தீங்களா, பாத்தீங்களா என்று கத்தினேன். பின்னாலிருந்து பதில் இல்லை. பொறாமையில் பேசாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். கேலி பண்ணலாம் என்று திரும்பினபோது பையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். தலை நெஞ்சில் தொங்கியிருந்தது. கைப்பிடிகளை விட்டுவிட்டு ஓடி வந்தேன். பட்டம் தன் பாட்டுக்குக் கரையோரத்து வாழைத்தோப்பில் போய் விழுந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உங்கள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். "கூடத்தானே நின்னே, பாக்கலையா?" நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததையும் சொன்னார்கள். "கனமா எதையும் இழுக்கக் கூடாதுன்னு தில்லை நகர் டாக்டர் சொல்லியிருந்தாரே. நீ பயந்துக்குவேன்னு உங்கிட்ட சொல்லல போல."

என்னிடம் வாயுத் தொல்லை என்று சொன்னீர்கள். நானும் பெருங்காயம் போட்டு மோர் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். உங்கள் அக்காவுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியக் கூடாதா? வலிக்கிறது என்று ஒரு வார்த்தை. திரும்பிப் பார் என்று ஒரு வார்த்தை. நான் நின்றது பத்தடி தூரத்தில். கேட்டுக் கேட்டுக் கிடைத்த சந்தோஷத்தை என் கையில் கொடுத்து, என் முதுகுக்குப் பின்னால் சத்தமில்லாமல் போனீர்கள். அன்பு என்று எல்லோரும் சொல்கிறார்கள். இருக்கலாம். எனக்கு அது பெரிய அநியாயமாகத்தான் படுகிறது. பார்க்கலையா என்ற அந்தக் கேள்விக்கு இன்றைக்கும் நான்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன், நீங்கள் இல்லை.

தோப்புக்காரர் பட்டத்தைச் சுருட்டி வாசலில் போட்டுவிட்டுப் போனார். வேண்டுமானால் நீங்களே வந்து கழுவுங்கள் என்று சேற்றோடு பரணில் ஏற்றிவிட்டேன். நீங்கள் வரவில்லை.

போன சனிக்கிழமை நானே கழுவினேன். உங்கள் சட்டப்படியே உதறினேன், தட்டினேன், பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசினேன். உறைகளைக் கவிழ்த்து உள்ளே போயிருந்த மண்ணைக் கொட்டினேன். அழுக்குத் தண்ணீரை ஊற்ற ஊற்ற உங்களைத் திட்டிக்கொண்டே இருந்தேன், பக்கத்து மாடிக்காரி எட்டிப் பார்த்தாள். சேறு முழுக்கப் போய்விட்டது. வாழைக்கறை போகவில்லை. ஓரத்தில் பழுப்பாக ஒரு திட்டு. எலுமிச்சம்பழம் தேய்த்தும் அசையவில்லை. போதும் என்று நிழலில் போட்டுவிட்டேன்.

மறுநாள் பூசை முடிந்து கொள்ளிடத்துக்குப் போனோம். கோபுரம் இப்போது முழுசாக நிற்கிறது. நான் தூக்கிப் பிடித்துவிட்டேன், பட்டம் எகிறிப் போயிற்று. மகள் உங்களைப் போலவே குதிகாலை ஊன்றிச் சாய்ந்தாள். நான் அவளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். அவளுடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. சிரிக்கிறாள் என்று தோள் குலுங்குவதில் தெரிந்தது. நீங்கள் கடைசியாகப் பார்த்தது இதுவாகத்தான் இருக்கும். எனக்குத் தாங்கவில்லை.

"அப்பப்போ திரும்பி என்னைப் பாருடி" என்றேன்.

"திரும்பினா பட்டம் விழுந்துரும்மா."

"விழட்டும். நான் கழுவிக்கிறேன்."