வாசலில் உள்ள என் சிரித்த படத்தை இறக்கக் கோருதல்

அனுப்புநர்:
ஜன்னலோரக் கட்டில் நோயாளி,
டயாலிசிஸ் பிரிவு.
(குடிநீர் வழங்கல் அலுவலகப் புகார்ப் பிரிவின் முன்னாள் எழுத்தர்)

பெறுநர்:
மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: டயாலிசிஸ் பிரிவின் வாசலில் மாட்டியுள்ள என் படத்தை இறக்குவதும், மனநல மருத்துவரைப் பார்க்க எனக்குச் சீட்டு வழங்குவதும் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபின், வாரத்தில் மூன்று நாள் தங்கள் மருத்துவமனையில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு உயிரோடு இருப்பவள் நான். நோயில் விழும்வரை, தண்ணீர் வரவில்லை என்று ஊரார் தரும் புகார்களை வாங்கி முத்திரை குத்துவது என் வேலை. இப்போது எனக்கே ஒரு டம்ளர் தண்ணீருக்கு அளவு போட்டிருக்கிறார்கள். எந்த மனு எந்த மேசையில் தூங்கும் என்பது எனக்கு அத்துப்படி. ஆகவே இதைச் சம்பந்தப்பட்ட பிரிவே பார்த்துக்கொள்ளட்டும் என்று திருப்பி அனுப்பிவிட வேண்டாம் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். சம்பந்தப்பட்ட பிரிவைப் பற்றித்தான் புகாரே.

2. சென்ற ஆண்டு புதிய இயந்திரங்களின் திறப்பு விழாவில், பிரமுகர் ஒருவர் என் கட்டிலருகே நின்று, இவை பழுது என்பதையே அறியாதவை என்று பேசிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து என் இயந்திரம் கீ கீ என்று அலறத் தொடங்கியது. நாங்கள் ‘சுண்டெலி’ என்று செல்லமாக அழைக்கும் டெக்னீஷியன், பிரமுகரின் முதுகுக்குப் பின்னால் குனிந்தபடி ஓடிவந்து அதன் வாயை அடைக்கப் படாத பாடு பட்டார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. யாரோ படம் எடுத்தார்கள். அடுத்த வாரம் வாசலில் நான் ஆளுயரத்துக்குத் தொங்கினேன். கீழே, “நோய் என் உடம்புக்குத்தான், மனசுக்கு இல்லை!” என்று நான் சொன்னதாக அச்சடித்திருந்தார்கள். நான் அப்படிச் சொன்னதே இல்லை.

3. முதலில் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைப்பதற்கில்லை. பிறகு, எப்போது என்று தெரியாமல், மனம் அடைத்துக்கொண்டது. விடிந்தால் எழப் பிடிக்கவில்லை, தலைவாரப் பிடிக்கவில்லை. அக்கா மகள் தன் குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். கனமாக இருக்கிறது என்பதைத் தவிர எனக்கு எதுவுமே தோன்றவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு அழுகிறேன். சில நாள் அழுகையும் வருவதில்லை, குழாய் மட்டும் ஓடுகிறது.

4. இதை மருத்துவரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் அல்லர், உட்கார நேரமில்லாதவர். வாசல் பக்கம் கையைக் காட்டி, “அங்க இருக்கறது யாரு? நீங்கதானே? நீங்களே இப்படிப் பேசலாமா?” என்று கேட்டுவிட்டு, சத்து மாத்திரை ஒன்றைக் கூட்டி எழுதினார். பிரிவின் ஆலோசகர் அம்மையாரிடம் போனேன். படத்துக்கு வாசகம் எழுதியவர் அவரே. “மத்தவங்களுக்குத் தைரியம் சொல்றவங்க நீங்க. உங்களையே மனநல டாக்டர்கிட்ட அனுப்பினா, அப்புறம் நான் இங்க என்ன பண்றேன்னு கேப்பாங்க” என்றார். அவருடைய வேலைக்குப் பங்கம் வரக்கூடாது என்பதற்காக நான் நலமாக இருக்க வேண்டியதாயிற்று.

5. புதிதாக வரும் நோயாளிகளை என் கட்டிலருகே அழைத்துவந்து, “அக்காவைப் பாருங்க, எப்படிச் சிரிச்சுக்கிட்டே இருக்காங்க” என்று காட்டுவது வழக்கமாகிவிட்டது. உடம்பின் ரத்தம் வெளியே ஓடிக்கொண்டிருக்கும்போது எழுந்து ஓடவும் முடியாது. சிரித்துத் தொலைக்கிறேன். சென்ற மாதம் லாரி ஓட்டுநர் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். நர்ஸ் நகர்ந்ததும் அவர் குனிந்து, “எனக்கு எதுவுமே பிடிக்கலைக்கா. உங்களுக்கு இப்படி இருந்ததே இல்லையா?” என்று கேட்டார். என்னிடம் அப்படிக் கேட்ட ஒரே மனிதர். நான் வாயெடுப்பதற்குள் நர்ஸ் திரும்பி வந்துவிட்டார். பழக்க தோஷத்தில் சிரித்தேன். ஓட்டுநர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

6. என் கணவர்மீது எனக்குப் புகார் எதுவும் இல்லை என்பதைப் பதிவுசெய்கிறேன். உப்பில்லாத என் சாப்பாட்டையே தானும் சாப்பிடுகிறவர். அந்தப் படத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு உறவுக்காரர்களுக்கெல்லாம் காட்டுகிறார். நான் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால், “உனக்கென்னம்மா, நீ சிங்கம்!” என்பார். அவர் முகம் வாடுவதைப் பார்க்கும் தெம்பு எனக்கில்லை. சொல்ல வந்ததை விழுங்கிவிடுகிறேன்.

7. கடந்த வெள்ளிக்கிழமை அவர் என்னை மருத்துவமனை கேட்டில் இறக்கிவிட்டு வேலைக்குப் போனார். வாசல்வரை போனேன். படத்தைப் பார்த்தேன். அதற்குமேல் கால் நகரவில்லை. திரும்பிவந்து எதிரே பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் வரும் நேரத்துக்கு மருந்துக்கடையில் பஞ்சும் பிளாஸ்திரியும் வாங்கி, ஊசி போடும் இடத்தில் நானே ஒட்டிக்கொண்டு கேட்டில் போய் நின்றேன். “இன்னைக்கு எப்படிம்மா இருந்துச்சு?” என்றார். நல்லா இருந்துச்சு என்றேன். இன்று ஞாயிறு. கால் வீங்கிவிட்டது. தலையணையை உயர்த்திவைத்தால்தான் மூச்சு வருகிறது. இயந்திரத்தை ஒருமுறை தவறவிட்டால் என்ன ஆகும் என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏன் வரவில்லை என்று பிரிவிலிருந்து ஒருவரும் கேட்கவில்லை. வாசலிலேயே சிரித்துக்கொண்டு நின்றதால், வந்துவிட்டதாக எண்ணியிருப்பார்கள்.

8. ஆகவே, அந்தப் படத்தை உடனே இறக்க வேண்டுகிறேன். அதே இடத்தில் வேறொருவரைச் சிரிக்கவைத்து மாட்டிவிட வேண்டாம். எனக்கும், மேற்படி லாரி ஓட்டுநர் சம்மதித்தால் அவருக்கும், மனநல மருத்துவரைப் பார்க்கச் சீட்டு வழங்க வேண்டும். தன் முறைக்கு வராதவர் வீட்டுக்கு அன்றே ஒரு போன் செய்ய ஆள் நியமிக்க வேண்டும். நான் சாகப்போவதாக மிரட்டி இம்மனுவை எழுதவில்லை. வாழ வேண்டும் என்ற ஆசை என்னிடமிருந்து எங்கோ போய்விட்டது. அதைத் தனியாகத் தேட என்னால் முடியவில்லை, பயமாக இருக்கிறது. நாளை என் முறை. கேட்வரை வந்துவிடுவேன். அங்கிருந்து கட்டில்வரை என்னை யாராவது கைபிடித்து அழைத்துப்போனால் நன்றாக இருக்கும்.

நடவடிக்கையை எதிர்நோக்கி, தைரியம் ஏதுமில்லாத,
தங்கள் நோயாளி
(ஒப்பம்)

இடம்: வீடு
நாள்: ஞாயிற்றுக்கிழமை

நகல்: என் கணவர் அவர்களுக்கு – தகவலுக்காகவும் உடனடி நடவடிக்கைக்காகவும்.