கணக்கர் பணியிடம் காலி

பிப்ரவரி 11, செவ்வாய்

லுஸ்தாரிக்கு இன்று மறுபடியும் புகைப்படம் எடுத்தோம். விண்ணப்பத்தில் இருந்த பழைய படத்தில் அவள் சிரிக்கிறாளாம். "சிரிச்சா கண்ணோரத்துல வயசு தெரியுதுக்கா" என்கிறாள். சிரிக்காமல் எடுத்தது துக்க வீட்டில் எடுத்த மாதிரி வந்திருக்கிறது.

என் தங்கைக்கு நாற்பத்தெட்டு வயது. இங்கே பெரெய்ரா நகரத்தில் ஒரு தையல் ஆலையில் பதினாறு வருடம் கணக்கராக இருந்தாள். போன வருடம் ஆலையை மூடினார்கள். அதிலிருந்து என்னோடு இருக்கிறாள். சாப்பாட்டுக்குக் குறைவில்லை, என் பென்ஷன் இரண்டு பேருக்கும் போதும். ஆனால் அவளுக்கென்று ஒரு பென்ஷன் வர இன்னும் நான்கு வருடச் சந்தா பாக்கி. முறையான வேலையில் இருந்தால்தான் அது நடக்கும். நான் போன பிறகு இவள் எதை வைத்துச் சாப்பிடுவாள்?

விளம்பரங்களைப் படிக்கப் படிக்க எனக்கு ரத்தம் கொதிக்கிறது. "கணக்கர் தேவை. வயது முப்பத்தைந்துக்குள். நல்ல தோற்றம் அவசியம்." நான் டீச்சராக இருந்தபோது ஐந்தாம் வகுப்பில், "அழகான பிள்ளைகள் மட்டும் கழித்தல் கணக்கு போடுங்கள், மற்றவர்கள் வெளியே நில்லுங்கள்" என்று சொல்லியிருந்தால் பெற்றோர்கள் என்னைச் சும்மா விட்டிருப்பார்களா?

வயது போடாத விளம்பரம் ஒன்றே ஒன்று கிடைத்தது. ஊருக்கு வெளியே, விவசாய இயந்திரங்கள் விற்கும் நிறுவனம். அதற்கு அனுப்பினாள்.

மார்ச் 3, திங்கள்

கூப்பிட்டார்கள்! நேர்காணல் நன்றாகப் போனதாம். பிறகு ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, மழையில் நிற்கும் ஒரு மனிதனை வரையச் சொல்லியிருக்கிறார்கள்.

"குடையோட வரைஞ்சியா?"

"பின்னே? குடை இல்லாட்டி கஷ்டத்தைத் தாங்க மாட்டோம்னு அர்த்தமாம். ஊருக்கே தெரியும். பூட்ஸும் போட்டு விட்டேன்."

வரவு செலவைச் சரிபார்க்க ஒரு கணக்கு கொடுக்கவில்லை. குடை வரையச் சொல்கிறார்கள். இந்த ஊரில் பாதிப் பேர் குடையில்லாமல் நனைந்துகொண்டுதான் வேலைக்குப் போகிறார்கள், ஒரு நாளும் தாமதமாகப் போவதில்லை.

ஆனாலும் தேறிவிட்டாள். இனி, வேலைக்கு எடுக்கும் முன் வீட்டுக்கே ஆள் வந்து பார்க்கும் சோதனை மட்டும்தான் பாக்கி.

மார்ச் 13, வியாழன்

சோதனைக்கு, நிறுவனம் அமர்த்திய ஒரு முகமையிலிருந்து பெண் வந்தாள். மோட்டார் சைக்கிள், கையில் ஹெல்மெட், கக்கத்தில் கோப்பு. இருபத்தைந்து வயதிருக்கும், மரியாதையான பெண். காபி கொடுத்தேன். "வேலை நேரத்துல எதுவும் சாப்பிடக் கூடாதுங்க, டீச்சர்" என்று தள்ளி வைத்தாள்.

ஃப்ரிட்ஜைத் திறந்து படம் எடுத்தாள். அரைப் பப்பாளி, நான்கு முட்டை, நேற்றைய அவரைக் குழம்பு. இதில் எதைப் பார்த்தால் ஒருத்தி நல்ல கணக்கர் என்று தெரியும்? யார் எந்தக் கட்டிலில் படுக்கிறோம் என்று கேட்டாள். லுஸ்தாரிக்குக் கணவன் ஏன் இல்லை என்று கேட்டாள். அதற்கு என் தங்கை, நாற்பத்தெட்டு வயதுக்காரி, தலைகுனிந்து பதில் சொன்னாள்.

"வீட்டுல யாராவது குடிப்பாங்களா?"

"நான்தான். டிசம்பர்ல ஒரு கிளாஸ்."

லுஸ்தாரி மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

"அதை எழுதணுமா, டீச்சர்?"

"எழுதும்மா. டிசம்பர்னு சேர்த்து எழுது."

நல்லபடியாக முடிந்தது என்றுதான் நினைத்தோம். மாலையில் எதிர்வீட்டு எவெலியோ வந்தார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். முகமெல்லாம் சிரிப்பு.

"கவலையே படாதீங்க டீச்சர். அனுப்பி விட்டுட்டேன்!"

"யாரை?"

"அந்த வசூல்காரப் பொண்ணைத்தான். ஹெல்மெட்டும் ஃபைலுமா வந்து, லுஸ்தாரி எத்தனை வருஷமா இங்க இருக்காங்க, எப்படிப்பட்டவங்கன்னு நோண்டி நோண்டிக் கேட்டா. அப்படி யாரும் இங்க இல்லம்மா, காலி பண்ணிட்டு மனிசாலெஸ் பக்கம் போய்ட்டாங்கன்னு சொன்னேன். பக்கத்து வீட்டு ரொசால்பாவும் ஆமா ஆமான்னுட்டா."

எங்கள் தெருவில் மோட்டார் சைக்கிளில் வந்து பெயர் சொல்லி விசாரிப்பவர்கள் நாள்வட்டிக்காரர்கள் மட்டும்தான். அவர்களிடம் யாரும் யாரையும் காட்டிக் கொடுக்க மாட்டோம். எனக்காக நாளைக்கு ஒருவன் வந்தாலும் எவெலியோ இதையேதான் சொல்வார். சொல்ல வேண்டும்.

லுஸ்தாரி முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள். விஷயம் புரிந்ததும் எவெலியோ தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார்.

மார்ச் 14, வெள்ளி

முகமைக்குத் தொலைபேசியில் பேசி நடந்ததைச் சொன்னேன். "உங்க விளக்கத்தைப் பதிவு பண்ணிக்கிட்டோம்." இதையே மூன்று முறை சொன்னான். மனிதனா, இயந்திரமா?

மார்ச் 21, வெள்ளி

"தங்கள் ஆர்வத்துக்கு நன்றி." அவ்வளவுதான். கடிதம்கூட இல்லை, நிறுவனத்திலிருந்து கைபேசியில் ஒரு வரி.

ஏப்ரல் 2, புதன்

அதே விளம்பரம். அதே நிறுவனம், அதே கணக்கர் பணியிடம், "உடனடித் தேவை" என்று.

இன்றைய செய்தித்தாளில் அரைப் பக்கக் கட்டுரை வேறு: நாடு முழுக்கக் காலியிடங்கள் பெருகி வருகின்றனவாம், மெதெயினில் தொலைபேசிச் சேவைக்கு, கடற்கரைப் பக்கம் துறைமுகங்களுக்கு, நமது காபி மாநிலங்களில் கணக்குக்கும் இயந்திரப் பழுதுக்கும். ஆனால் தகுதியான ஆட்கள் கிடைக்காமல் நிறுவனங்கள் திண்டாடுகின்றனவாம்.

கிடைக்கலையா? இதோ என் சமையலறையில சோள அரேபா சுட்டுக்கிட்டு நிக்கிறாளே, இவ யாரு? ஒரே பையன் பெயரை மூன்று தடவை கூப்பிட்டுவிட்டு, வகுப்புக்கு மூன்று பேர் வந்திருக்கிறார்கள் என்று நான் வருகைப்பதிவு எழுதியிருந்தால் தலைமையாசிரியர் என்னை என்ன செய்திருப்பார்? இங்கே ஒரே நாற்காலிக்கு மாதா மாதம் விளம்பரம் போட்டு, ஒவ்வொன்றையும் புதுக் காலியிடமாக எண்ணுகிறார்கள். அதுக்குப் பேரு வளர்ச்சியாம்.

எவெலியோ எங்கள் வாசலைக் கடக்கும்போது எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு போகிறார். அவர் மேல் எனக்கு ஒரு துளிக் கோபமில்லை. சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்.

ஏப்ரல் 26, சனி

நகரசபையின் வேலைவாய்ப்புச் சந்தை, விளையாட்டரங்கில். நான், லுஸ்தாரி, கல்யாணக் கோட்டு போட்டுக்கொண்டு எவெலியோ. "நான் செஞ்சதை நானே சரி பண்றேன், டீச்சர்" என்று பிடிவாதமாக வந்தார்.

மேடையில் ஓர் அதிகாரி வண்ண வண்ணப் படங்கள் காட்டினார். எந்தத் துறையில், எந்த மாநிலத்தில் எவ்வளவு காலியிடம், எல்லாக் கோடும் மேலே ஏறுகிறது. நான் கை தூக்கினேன். "கேள்விகள் கடைசியில், அம்மா." கடைசியில் நடனக் குழு வந்தது.

அந்த இயந்திர நிறுவனமும் ஒரு கடை போட்டிருந்தது. வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்ததும், கழுத்தில் அட்டை தொங்கவிட்ட இளைஞனிடம் எவெலியோ குனிந்தார்.

"தம்பி, பொய் சொன்னது நான்தான். இந்தம்மா என் எதிர்வீடு. தெனமும் பார்க்கிறேன். தங்கமானவங்க."

இளைஞன் கணினியைப் பார்த்தான். "ஐயா, இவங்க தேர்வு முடிஞ்சு போச்சுங்க."

"அப்ப வேலை?"

"வேலை காலியாத்தான் இருக்கு."

"பின்னே என்ன?"

"வேலை திறந்திருக்குங்க. இவங்களுக்கான தேர்வைத்தான் மூடியாச்சு."

எவெலியோவின் குரல் உயர்ந்தது. "நான் முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன். கதவைத் தொறந்து போட்டுக்கிட்டு, ஸ்டாப்புல நிக்கிற ஒருத்தரையும் ஏத்தாம போயிருந்தா ஜனங்க கல்லெடுத்து அடிச்சிருப்பாங்க!"

பின்னால் நின்ற பெண்மணி எட்டிப் பார்த்தாள். "கணக்கர் வேலையா? நவம்பர்ல என் வீட்டுக்கும் வந்தாங்களே. ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தாங்க."

"எனக்கு ஜனவரியில" என்றார் அவளுக்கும் பின்னால் ஒருவர். "மழையில மனுஷன்கூட வரைஞ்சேன்."

"குடையோடவா?"

"குடையோடதான். எங்க மாமியார் குடையைப் பார்த்து வரைஞ்சது."

வரிசையே சிரித்தது. சிரிக்காமல் இருந்தது ஒரு சின்னப் பெண் மட்டும். "அந்த நாற்காலியில ஆறு மாசம் நான்தான் உக்காந்திருந்தேன்" என்றாள். "தொழிற்பயிற்சி மாணவியா. என் பயிற்சி முடிஞ்சதும் அடுத்த மாணவி வந்துட்டா. மாணவிக்குக் கொடுக்கிறது கொஞ்சம்தானே. வேலைக்கு ஆளே எடுக்க மாட்டாங்க. விளம்பரம் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும்."

"எதுக்கு?" என்றேன்.

"கம்பெனி வளருதுன்னு நாலு பேருக்குத் தெரியணும்ல, அம்மா."

இளைஞன் பேனாக்களை அடுக்கிக்கொண்டிருந்தான். பரீட்சை வைக்கிறார்கள், ஆட்களை வரிசையில் நிறுத்துகிறார்கள், வீடு புகுந்து கட்டிலைப் பார்க்கிறார்கள், யாருமே தேற முடியாது என்று தெரிந்தே! எத்தனை வீடு? எத்தனை பேர் தலைகுனிந்து பதில் சொன்னார்கள்?

"அப்ப, என்னால இல்லையா?" என்று கேட்டார் எவெலியோ.

"இல்லைங்க. மொதல்லேர்ந்தே இல்லை" என்றேன்.

கோட்டின் பொத்தானைக் கழற்றினார். "அப்படின்னா இன்னும் கோவமா வருது, டீச்சர்."

பேருந்தில் வரும்போது லுஸ்தாரி சொன்னாள்: "அந்தப் பயிற்சிப் பொண்ணு நல்லா வேலை செஞ்சிருப்பாக்கா. பேச்சுலயே தெரியுது."

மே 9, வெள்ளி

தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தேன். வாங்கி முத்திரை குத்தினார்கள். வரிசையில் கண்ட அந்த மூவரில் இருவர் கையெழுத்திட வந்தார்கள். மற்றவருக்குப் பயம். அடுத்த விண்ணப்பத்தில் கெட்ட பெயர் வந்துவிடும் என்று. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

மே 20, செவ்வாய்

லுஸ்தாரி இன்றும் வேலை தேடக் கணினியைத் திறக்கவில்லை.

ஜூன் 18, புதன்

கதவைத் தட்டி மறுபடியும் ஒரு பெண், மறுபடியும் கோப்பு. எதிரே எவெலியோ எழுந்து நின்றுவிட்டார். இவள் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்புக்காக வந்தவள். இவள் காபி குடித்தாள்.

"போன நாலு வாரத்துல வேலை தேடினீங்களா?"

லுஸ்தாரி தட்டு கழுவிக்கொண்டே, "இல்லை" என்றாள்.

"போன வாரம் பெரும்பாலும் என்ன செஞ்சீங்க?"

"இதோ, இதுதான்."

"வீட்டு வேலைன்னு போட்டுக்கிறேங்க."

என்னால் அடக்க முடியவில்லை. "ஏம்மா, அப்ப இவ வேலையில்லாதவங்க கணக்குல வருவாதானே?"

"வர மாட்டாங்க, டீச்சர். தேடுறவங்களைத்தான் அதுல சேர்ப்போம்."

பதினாறு வருஷம் கணக்கு எழுதினவ. இப்ப எந்தக் கணக்குலயும் இல்லை. பாவம், அந்தப் பெண்ணிடம் கத்தி என்ன பயன்? அவளுக்கு வேலை ஆகஸ்ட் வரைதானாம்.

ஜூலை 31, வியாழன்

காலையில் வானொலியில் சொன்னார்கள்: வேலையின்மை குறைந்திருக்கிறது, நம் நகரத்தில் குறிப்பாக. அதிகாரியின் குரல் மகிழ்ச்சியாக இருந்தது.

லுஸ்தாரி அவரைக்கொட்டையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "நல்ல சேதிதானேக்கா" என்றாள். பிறகு, நாளைக்கும் சேர்த்து ஊறப் போடவா என்று கேட்டாள்.