பட்டணத்து ஒருசந்தி

அம்மா,

போன வாரம் திண்டிவனம் பஸ்ஸில் உன் பேத்தி ஒரு வாய்த் தண்ணீரைக் கன்னம் உப்ப வைத்திருந்து, ஜன்னல் கம்பிக்கு வெளியே பதவிசாகத் துப்பினாள். துப்பிவிட்டு, சரியாகச் செய்தேனா என்பதுபோல என்னைப் பார்த்தாள். மூன்று வயது. சித்திரை வெயில். நம் ஊர்ப் பாறை மலைகள் குடித்த வெயிலையெல்லாம் கக்கிக்கொண்டிருந்த நடுப்பகல். "தண்ணி வேணும்மா" என்று அவள் கேட்டாள். கூஜாவைத் திறந்து கொடுத்துக்கொண்டே நான் சொன்னேன்: "வாய நனைச்சிக்க. முழுங்காத."

சொன்ன பிறகுதான் அது யாருடைய குரல் என்று உறைத்தது. பக்கத்தில் இருந்த கிழவி, "நல்லா வளக்கறியே பொண்ண" என்றாள். புகழ்ந்தாளா, குத்தினாளா, தெரியவில்லை. நான் கூஜாவை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். இத்தனை வருஷம் கழித்து உனக்கு எழுத உட்கார்ந்தது அதனால்தான்.

குழந்தைக்குக் காதில் சீழ் வடிவது நிற்கவில்லை. திண்டிவனத்து டாக்டர் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லிவிட்டார். விடிவதற்குள் கிளம்பி, வரிசையில் உட்கார்ந்து, இருட்டித்தான் திரும்ப முடியும். காது செவிடாகிவிடுமோ என்று ஒரு பயம். அந்தப் பகல் முழுக்க இவள் எங்கே தண்ணீர் குடிப்பாள், குடித்தால் எங்கே ஒதுங்குவாள் என்று இன்னொரு பயம். இரண்டாவதை வெளியே சொல்லவே கூச்சமாக இருந்தது.

என் வீட்டுக்காரருக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. பட்டணம் என்றதும் அவருக்கு நாக்கில் எச்சில் ஊறியது. "ஸ்டேசன உட்டு எறங்கினதும் எதிர்க்கவே இட்லி. மொளகாப் பொடிக்குக் கேக்காமலே எண்ண ஊத்துவான். அப்புறம் ஒரு காபி. டிகாசன்னா அது டிகாசன். மத்தியானம் மவுண்ட் ரோடு பக்கம் பிரியாணி."

"நாங்க?"

"பொட்டலம் கட்டியாந்துடறேன். இல்லன்னா உங்கம்மா மாதிரி ஒருசந்தின்னு சொல்லிடேன்" என்று சிரித்தார்.

உன்னை அவர் பார்த்ததே இல்லை. ஆனால் உன் ஒருசந்தி அவருக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு இருக்கிற விரதத்தை எல்லாரும் தவக்காலத்தில் பிடிப்பார்கள். நீ மட்டும் பட்டணம் போகிற நாளிலெல்லாம் பிடித்தாய். அதுவும் தண்ணீர்கூடத் தொடாமல்.

என்னைக் காலேஜில் சேர்க்கப் போன நாள் உனக்கு நினைவிருக்கும். உலகச் சண்டைக் காலம்; பெட்ரோல் இல்லை. கரியில் ஓடுகிற பஸ் மேட்டுக்கு மேடு நின்று மூச்சு வாங்கியது. நைனாவுக்கு அன்று இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. செஞ்சிக் குடியானவன் மகள் காலேஜுக்குப் போகிறாள்! ரயிலில் எதிரில் இருந்தவருக்கு, எந்த ஓட்டலில் நம்மைப் போன்றவர்களை உள்ளே உட்கார விடுவார்கள், எந்த ஓட்டலில் சாம்பார் இரண்டாம் தடவை ஊற்றுவார்கள் என்று வகுப்பெடுத்துக்கொண்டே வந்தார்.

ஸ்டேஷனுக்கு எதிரில் அந்த ஓட்டல். சாலையோரம் ஒரு தூங்குமூஞ்சி மரம். நீயும் நானும் மூட்டையோடு மரத்தடியில். வாசல் பலகையில் இருந்ததை நான் உரக்கப் படித்தேன்: "பெண்களுக்குத் தனி அறை உண்டு."

"அது பட்டணத்துப் பொம்பளைங்களுக்கு" என்றார் நைனா. கூட வந்திருந்த அண்ணனை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஏப்பம் விட்டுக்கொண்டே வந்து பொட்டலத்தை நீட்டினார்கள். நீ அதை என் மடியில் வைத்தாய்.

"உனக்கு?"

"எனக்கு ஒருசந்தி."

"தண்ணி குடிக்கலாம், தடையில்லன்னு சாமியாரே சொல்லியிருக்காரு" என்றார் நைனா.

"நான் மாதாவுக்கு நேந்துக்கினேன். சாமியாருக்கு இல்ல."

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். நீ சுமந்து வந்த கூஜாவை அவர்கள் இருவரும் அண்ணாந்து குடித்தார்கள். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை எனக்கு ஊற்றும்போதுதான் காதோடு சொன்னாய், நான் பஸ்ஸில் சொன்ன அதே சொல்லை. அதோடு இன்னொன்றும்: "முழுங்கிட்டு அப்புறம் எங்க போவ?"

அப்போது எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதி, நீ ஹாஸ்டலுக்கு என்னைப் பார்க்க வந்த நாளில் புரிந்தது. ஆண்கள் வாசல் கூடத்தோடு நிற்க வேண்டும் என்பது அங்கே சட்டம். நைனாவை அங்கே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு உன்னை உள்ளே அழைத்துப் போனேன். என் கட்டில், என் புத்தகங்கள் எல்லாவற்றையும் காட்ட ஆசை எனக்கு. நீ கேட்ட முதல் கேள்வி, "பின்பக்கம் எங்க இருக்குது?"

ஒதுங்கிவிட்டு வந்ததும் பானைக்குப் பக்கத்தில் நின்றபடியே குடித்தாய். டம்ளரைக் கீழே வைக்கவே இல்லை. தாடையில் வழிந்து ரவிக்கை நனைந்தது. என்னோடு இருந்த பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

"ஒருசந்தி இன்னா ஆச்சு?" என்றேன்.

"மாதாவுக்குத் தெரியும்டி." முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தாய். பிறகு குரலைத் தாழ்த்தினாய். "நைனா காதுல போட்டுடாத. பொம்பளைய இட்டாந்தா ரோதனைன்னு சொல்லி அடுத்த வாட்டி உட்டுட்டு வந்துடுவாரு. அப்புறம் நான் உன்ன எப்புடிப் பாக்கறது?"

என்னைப் பார்க்க நீ கொடுத்த விலை அதுதான். செஞ்சியிலிருந்து பட்டணம் வரை வறண்ட தொண்டை. திரும்பும்போதும் அதே.

பரீட்சை முடிந்து என்னை அழைத்துப் போக வந்தாயே, அதுதான் உன் கடைசிப் பயணம். கோடை அனல் வீசியது. திண்டிவனத்தில் இறங்கும்போது என் தோளில் சாய்ந்தாய். வீட்டுக்கு வந்ததும் காய்ச்சல், இடுப்பில் வலி, நீர் பிரியும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு முனகல். டாக்டர் கல் என்றார். ரொம்ப நாளாகத் தண்ணீர் போதாத உடம்பு என்றார். "ஒருசந்திக்காரி சார் அவ" என்றார் நைனா, பெருமையாக. டாக்டர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மருந்து எழுதினார். மருந்து தீருமுன் நீ போய்விட்டாய்.

கல்லறையில் நம் கோயில் உபதேசியார் உன் பக்தியைப் பற்றி நெடுநேரம் பேசினார். பட்டணத்தின் அத்தனை ஓட்டல் வாசனைக்கு நடுவிலும் பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் தவம் இருந்தவள் என்றார். பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அண்ணன்கூட அழுதான். எனக்கு மட்டும் பல் கிட்டித்துப் போயிருந்தது.

நேற்று என் வீட்டுக்காரர் மறுபடியும் பிரியாணிக் கதையை எடுத்தார். நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கேட்டேன்: "பட்டணத்துல நானும் இவளும் எங்க போறது?"

"ஆஸ்பத்திரிக்கு."

"அது தெரியும். ஒதுங்க எங்க போறது?"

முகம் கோணிற்று. "தே, இன்னாம்மே இது, ஆம்பளகிட்ட கேக்கற கேள்வியா?"

"ஆம்பளதான இட்டுக்கினு போறீங்க? மொளகாப் பொடிக்கு எவன் எண்ண ஊத்துவான்னு தெரியுதில்ல? இதயும் தெரிஞ்சிக்கினு வாங்க. இல்லன்னா நாங்க பஸ் ஏறமாட்டோம்."

"கொழந்த காது?"

"அதுக்குத்தான் கேக்கறேன். கொழந்தைக்குக் காது மட்டுமா இருக்குது?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். அங்கே இருக்கிற பெரியவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உனக்கும் தெரிந்தவர்தான். பூசையில் நைனாவுக்குப் பக்கத்தில் முழங்காலிடுபவர். உன் பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்.

திரும்பி வந்த என் வீட்டுக்காரர் முகத்தில் வெற்றிக் களை. "அந்த ஸ்டேசன்லயே பொம்பளைங்களுக்குன்னு ரூம் இருக்குதாம்! உள்ளயே எல்லாம் இருக்குதாம். குழாத் தண்ணிகூட. வாசல்ல ஒரு அம்மா குந்தியிருக்குமாம், கேட்டா உள்ள உடுமாம்."

"புதுசா கட்டினதா?"

"இல்லியாம், அவரு வேலக்கிச் சேந்தப்பவே இருந்துச்சாம். ஏன் அப்புடிப் பாக்கற?"

அந்த ரூம் நீ உட்கார்ந்திருந்த மரத்தடிக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம். நைனா என்னை எப்போதும் ரயிலை விட்டு இறங்கியதும் வெளியே விரட்டிக்கொண்டு போனதில் நானும் அதைப் பார்த்ததில்லை.

குழந்தையை அங்கே அழைத்துப் போகிறேன். வயிறு முட்டக் குடிக்கட்டும். யார் மேலும் வருத்தமில்லை என்று இந்த இடத்தில் எழுத நினைத்தேன். எழுத வரவில்லை. நைனா மேல் இருக்கிறது, உபதேசியார் மேல் இருக்கிறது, வாய் திறக்காமல் செத்துப்போன உன் மேலும் இருக்கிறது. இறக்கி வைக்க இடம் தெரியாமல் சுமந்துகொண்டிருக்கிறேன்.

எதிர்வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு அவர் திரும்பி வருவதற்குள், அடுப்பில் வைத்த பால்கூடப் பொங்கியிருக்கவில்லை, அம்மா.