முதல் படகிலேயே வந்துவிட்டார்

என் வாயாடிச் சிநேகிதி வெரோனிக்குக்கு,

நீ இருக்கும் இடத்தில் ஐஸ் காபி கிடைக்கிறதா? கிடைக்காவிட்டால் இந்நேரம் அங்கே யாரையாவது உண்டு இல்லை என்று பண்ணியிருப்பாய். இங்கே எல்லாரும் சுகம். நீ வருஷக்கணக்காகத் திட்டிக்கொண்டிருந்த மெட்ரோ ஒரு வழியாக ஓடத் தொடங்கிவிட்டது. நம் தாவோ தியென் ஸ்டேஷனில் ஏறினால் சந்தை வரைக்கும் வியர்க்காமல் போய்விடலாம். முதல் தடவை ஏறியபோது பக்கத்தில் பையை வைத்து உனக்கும் ஓர் இடம் பிடித்தேன். ஒரு அம்மாள் வந்து பையை என் மடியில் தூக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

உன் புருஷன் ஹுங் நன்றாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. நீ எத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்தும் அவருடைய தமிழ் ‘சாப்டியா’வைத் தாண்டவில்லை. ரசத்தை மட்டும் கிண்ணம் கிண்ணமாகக் குடிக்கிறார்.

இதைச் சொல்லவா கடிதம்? இல்லை. பெரிய சேதி ஒன்று இருக்கிறது. ஆனால் நாம் இருவர் மட்டும் இல்லையே, இதைப் பத்திரிகையில் படிக்கிறவர்களுக்கும் நம் கதை புரிய வேண்டும். கொஞ்சம் பொறு. உனக்குப் பொறுமை கிடையாது, என்றாலும் பொறு.

என் கணவர் வுங் டாவுக்கு அப்பால் கடலில் எண்ணெய் எடுக்கும் ரிக்கில் இன்ஜினியர். நான்கு வாரம் கடல், நான்கு வாரம் கரை. நான் கல்யாணமாகிக் காரைக்காலிலிருந்து சைகோனுக்கு வந்தவள். நீ இங்கேயே பிறந்தவள். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் குமாஸ்தாவாக வந்த புதுச்சேரிக் குடும்பம். ஆட்சி மாறியபோது எல்லாரும் மூட்டை கட்டினார்கள், உன் அப்பா மட்டும் கட்டவில்லை. உன் தமிழ் முழுக்க அந்த அப்பாவிடம் கற்றது. அதனால் பெண்கள் தங்களுக்குள் சுற்றி வளைத்துப் பேசும் தமிழ் உனக்கு வரவே இல்லை. எதுவாக இருந்தாலும் போட்டு உடைத்துவிடுவாய்.

பார்த்த முதல் நாளே, “உன் புருஷன் எனக்கு அண்ணன். அப்ப நீ அண்ணி” என்று நீயே முடிவு பண்ணிவிட்டாய். இந்த ஊரில் எனக்குக் கிடைத்த ஒரே நாத்தனார் நீ.

அந்த நத்தைக் கடை ஞாபகம் இருக்கிறதா? இப்போது எதிர்ச்சாரிக்கு மாறிவிட்டது. அங்கேதான் ஒரு சாயங்காலம், குட்டி பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கேட்டாய்.

“அண்ணன் நாளைக்கு வருது. நீ ஏன் பரீட்சைக்குப் போற மாதிரி மூஞ்சிய வச்சிருக்கே?”

அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து அம்மாவிடமும் சொல்லாததை உன்னிடம் சொல்லி அழுதேன். “சீக்கிரம் முடிஞ்சிடுது, வெரோனிக். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே முடிஞ்சிடுது. அப்புறம் அவங்க சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்குவாங்க. அடுத்த நாள் முழுக்கப் பேச்சே இருக்காது.”

நீ ஊசியால் நத்தையை ஓட்டிலிருந்து இழுத்து, இஞ்சி போட்ட மீன் சாற்றில் தோய்த்து, மென்று விழுங்கிவிட்டுத்தான் வாயைத் திறந்தாய்.

“அவ்வளவுதானா? ட்ரோய் ஓய், கடவுளே. வேற பொம்பள இருக்குதுன்னு நெனச்சு, யாரை அடிக்கறதுன்னு யோசிச்சிட்டு இருந்தேன்.”

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஹுங்குக்கும் இது இருந்தது என்றாய். யாரோ சொன்னார்கள் என்று பாம்பு போட்ட சாராயம் குடித்தாராம். “தலைவலிதான் வந்திச்சு. பாம்பு செத்தது தண்டம்.” (இதை எழுதலாமா என்று ஹுங்கிடம் கேட்டேன். பாம்பு பெரியது என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னார்.)

டாக்டர்கள் இதற்கு விந்து முந்துதல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே இல்லை. இவர் ஊருக்குத் திரும்பும் விதத்தில்தான் அது தெரியும். ஹெலிகாப்டர் காலையிலேயே ஆட்களை வுங் டாவில் கொண்டுவந்து இறக்கிவிடும். சைகோனுக்கு நாள் முழுக்கப் படகு உண்டு. மற்றவர்கள் முதல் படகுக்கு ஓடுவார்கள். இவர் கடைசிப் படகில்தான் வருவார். கேட்டால் ரிப்போர்ட் எழுதினேன், நண்பனைப் பார்த்தேன் என்று ஏதாவது ஒரு காரணம்.

அதோடு வளைகுடாவில் ஒரு வேலைக்கும் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே போனால் வருஷத்துக்கு இரண்டு தடவைதான் வீடு. சம்பளத்துக்காகப் போகிறேன் என்றார். சம்பளத்துக்காக இல்லை என்று எனக்குத் தெரியும். என் புருஷன் என்னைவிட்டு ஓடுவதற்குக் கடல் போதாமல் பாலைவனம் பார்க்கிறார் என்றுதான் அன்று உன்னிடம் அழுதேன்.

நீ ஆறுதல் சொல்லவில்லை. விசாரணை நடத்தினாய். அவர் வருகிற நாளில் நான் என்னென்ன செய்கிறேன் என்று கேட்டாய். பெருமையாகவே சொன்னேன். புது விரிப்பு. பூச்சந்தையில் லாய்ப்பூ வாங்கி என் கையாலேயே கட்டிய சரம். நம் மல்லிகைக்கு அது தங்கைதான். பிரியாணி. வெள்ளி டம்ளரில் பால்.

“வர்றப்பல்லாம் முதலிரவா?” என்றாய். “பாவம் அந்த மனுஷன். கடல்ல இருந்து வந்து காலைக்கூட நீட்டல, அதுக்குள்ள மாப்பிள்ளையாக்கி உக்கார வச்சுட்டியே.”

எனக்குச் சுருக்கென்றது. புருஷன் வெளியூரிலிருந்து வந்தால் வீட்டைக் கல்யாண வீடாக்கிவிடுவது எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ரத்தத்தில் ஊறியது. கப்பல்காரன் பெண்டாட்டி, வெளிநாட்டுக்காரன் பெண்டாட்டி எல்லாரும் அப்படித்தான். அந்த அலங்காரத்தைப் பார்த்ததுமே இவருக்கு உள்ளங்கை வியர்க்கிறது என்பது எனக்கு எப்படித் தெரியும்?

அதைவிட மோசமும் செய்திருந்தேன். காரைக்காலிலிருந்து வந்தவர்களிடம் அம்மா ஒரு லேகியம் கொடுத்தனுப்பியிருந்தாள். ‘மாப்பிள்ளைக்கு உடம்பு சூடு’ என்று நான் சொன்னதை அம்மா எப்படிப் புரிந்துகொண்டாளோ. அதை நான் பாலில் கரைத்துவிட்டேன். இவர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். “எனக்குத் தெரியாம எனக்கு மருந்து குடுக்கறியா?” என்றார். அந்த மாதம் முழுக்க ஹாலில்தான் படுத்தார்.

உன் யோசனை எல்லாம் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் அண்ணனிடம் தங்கை இதைப் பேசக் கூடாது என்பது மட்டும் உனக்கு எப்படியோ தெரிந்திருந்தது. அதனால் ஒரு மத்தியானம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்து, மீன் குழம்பைப் போட்டுக்கொண்டே இவரிடம் ரிக்கைப் பற்றி வாயைக் கிளறினாய். அங்கே எதற்கு ரொம்பப் பயம் என்று கேட்டாய்.

“பயந்துகிட்டே வேலை செய்யறதுக்குத்தான்,” என்றார் இவர். “அதுக்காகவே ஒரு சட்டம் வச்சிருக்கோம். கடைநிலை ஆளா இருந்தாலும் சரி, ஏதோ சரியில்லன்னு தோணுச்சுன்னா கையைத் தூக்கலாம். அந்த நிமிஷமே வேலையை நிறுத்தணும். ஏன்டா நிறுத்தினேன்னு யாரும் திட்டக் கூடாது. எல்லாரும் உக்காந்து ஒரு டீ குடிச்சிட்டு, நிதானமானதும் மறுபடி ஆரம்பிப்போம்.”

நீ மீன் முள்ளை ஓரமாக வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையை நான் மறக்கவே மாட்டேன். பிறகு அடுப்படியில் தட்டு கழுவும்போது என் காதோடு சொன்னாய். “கேட்டியா அண்ணி? அந்தச் சட்டத்த வீட்டுக்கும் வை.”

அடுத்த தடவை நான் வீட்டில் காத்திருக்கவில்லை. வுங் டாவுக்கே போய்விட்டேன். கடற்கரைக் கடையில் சின்னச் சின்ன இறால் பணியாரம் சுட்டுப் போட, நான் அவரைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டு பேசினேன். இனிமேல் பூ இல்லை, பால் இல்லை, வந்த அன்றைக்கு ஒன்றுமே இல்லை, வெறும் தூக்கம்தான் என்றேன். லேகியத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் ரிக் சட்டத்தைச் சொன்னேன். யாருக்குத் தோன்றினாலும் கையைத் தூக்கலாம், யாரும் திட்டக் கூடாது.

இவர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரிக்கிறார்.

“ஆபீஸ் வேலையை வீட்டுக்குக் கொண்டு வராதீங்கன்னு நீதானே செல்வி சொன்னே.”

சிரித்து முடித்துவிட்டு, அதுவரை சொல்லாததைச் சொன்னார். “ஒவ்வொரு தடவையும் பரவாயில்ல, பரவாயில்லன்னு சொல்லுவே. சோத்தைக் கொட்டுன பிள்ளைக்குச் சொல்ற மாதிரி இருக்கும். அதோட நீ கடிகாரத்தைப் பாப்பே.”

கட்டிலுக்கு நேர் எதிரே என் சீர்வரிசைக் கடிகாரம் மாட்டியிருந்தது. நான் பார்த்தேனா? பார்த்திருப்பேன். அன்பாகத்தான் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே நாம் என்னவெல்லாம் செய்துவிடுகிறோம், வெரோனிக்?

டாக்டரையும் பார்த்தோம். நீ மொழிபெயர்க்க வருவாய் என்றதும் அண்ணன், தங்கை இருவருமே அலறினீர்கள். கடைசியில் இங்கிலீஷ் பேசும் டாக்டரை நீயே தேடிப் பிடித்துக் கொடுத்துவிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டினாய். டாக்டர் இதைச் சளி, காய்ச்சல் மாதிரி சாதாரணமாகப் பேசினார். நிறையப் பேருக்கு இருப்பதுதான் என்றார். நெருங்கும்போது நிறுத்தி, அடங்கியதும் மறுபடி தொடங்கிப் பழகச் சொன்னார். கிட்டத்தட்ட ரிக் சட்டம்தான். ஒரு தசைப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். வேண்டுமானால் மருந்தும் இருக்கிறது, யாரும் இதைத் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை என்றார். வெளியே வந்ததும் இவர் உன்னிடம் ‘மெர்சி’ என்று பிரெஞ்சில் ஒரு வார்த்தை நன்றிதான் சொன்னார். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாய். நான் பார்த்தேன்.

அன்றே கடிகாரத்தைக் கழற்றி உனக்குக் கொடுத்துவிட்டேன். நீ அதை உன் அடுப்படியில் மாட்டி, முட்டை வேகும் நேரம் பார்த்தாய்.

எல்லாம் உடனே சரியாகிவிட்டது என்று எழுதினால் நீ மேலேயிருந்து செருப்பை எறிவாய். முதல் தடவை இவர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைத் தூக்கினார். இரண்டு பேரும் எழுந்து உட்கார்ந்து லாங்கன் பழம் உரித்துத் தின்றோம். அப்போது பார்த்து உன் போன். மத்தியானத் தூக்கம் கலைந்துவிட்டதா என்று கேட்டாய். அன்றைக்கு வேலை நடக்கவில்லை, சிரித்தே முடிந்தது. ஆனால் அன்று இவர் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை.

இன்னொரு கேள்வி கேட்டாயே. “உனக்கு என்ன வேணும்னு நீ எப்பவாவது சொல்லியிருக்கியா?” சொன்னதே இல்லை. அதைச் சொல்லப் பழகத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. சொன்ன பிறகு, அந்த ஒன்று முடிந்தால் எல்லாம் முடிந்தது என்கிற எண்ணம் எங்கள் வீட்டை விட்டுப் போய்விட்டது. முந்திப் போகிற நாட்கள் இன்னும் வருகின்றன. வந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

பிறகு நீ படுத்துவிட்டாய். ஆஸ்பத்திரியில் உன் மகள் பக்கத்தில் இருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் நீ கேட்ட கடைசிக் கேள்வி என்ன தெரியுமா? “அண்ணி, சட்டம் நடக்குதா?” நடக்குது என்றேன். “வளைகுடா?” என்றாய். இவர் அப்போதும் முடிவு சொல்லாமலே இருந்தார். உன் கையைப் பிடித்துக்கொண்டு பேச்சை மாற்றினேன். பதில் தெரியாமலே நீ போனதுதான் எனக்கு இத்தனை நாளும் குறையாக இருந்தது.

இப்போது சேதிக்கு வருகிறேன்.

போன வெள்ளிக்கிழமை. இவர் வருகிற நாள். ராத்திரிதானே வருவார் என்று நான் தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு, சாயம்போன நைட்டியில், விரிப்பையெல்லாம் மெஷினில் போட்டுவிட்டு நிற்கிறேன். வீட்டில் பழைய சோறும் மோர்மிளகாயும்தான். மணி அடித்தது. தண்ணீர் கேன் போடுகிறவர் என்று நினைத்துக் கதவைத் திறந்தால், பையோடு இவர்.

“என்னங்க, இந்நேரத்துக்கு?”

“முதல் படகு,” என்றார். ஓடி வந்த மாதிரி மூச்சு வாங்கியது. “வளைகுடாக்காரங்கள்ட்ட வரலன்னு சொல்லிட்டேன். பசிக்குது, செல்வி. என்ன இருக்கு?”

பழைய சோற்றை ஒரே தட்டில் போட்டுச் சாப்பிட்டோம். எண்ணெய்த் தலையோடு அவர் தோளில் சாய்ந்து அழுதேன். சட்டை வீணாகப் போய்விட்டது. உனக்குப் போன் பண்ண வேண்டும் என்று கை தானாகப் போனை எடுத்தது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

அதனால்தான் இந்தக் கடிதம். இவர் படித்துவிட்டார். “என் பேரைப் போடாதே, ஆனா அனுப்பு. ரிக்குல கடைசிப் படகுக்கு நிக்கறவன் நான் மட்டும் இல்ல” என்றார்.

உன் மகள் அந்தக் கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அது இப்போது என் அடுப்படியில் இருக்கிறது. லாய்ப்பூச் சரமும் இன்னும் கட்டுகிறேன், மாதாகோயிலில் உன் சாம்பல் இருக்கும் மாடத்தில் வைப்பதற்காக.

நேற்று, ‘பின் யுவோங்’ என்கிற பக்கத்து ஊரிலிருந்து ஒரு தமிழ்ப் பெண் வந்திருந்தாள். புருஷன் அங்கே தொழிற்சாலையில் மேனேஜர். நத்தைக் கடைக்குக் கூட்டிப் போனேன். பேசிக்கொண்டே இருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். நான் நத்தையை மென்று விழுங்கிவிட்டு, உன் குரலிலேயே “அவ்வளவுதானா?” என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

இந்த ஊரில் நான் இருக்கும்வரை, என் முன்னால் உட்கார்ந்து அழும் எந்தப் பெண்ணையும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் எழுந்து போகவிட மாட்டேன். இது சத்தியம். அவளுக்கும் நான் நாத்தனார்தான் என்று இன்று காலையில் முடிவு பண்ணிவிட்டேன்.

உன் அண்ணன் வாங்கிவந்த இறால் வடகத்தைப் பொரித்தபடி,
உன் அண்ணி
செல்வி