வைகாசிக்குத் திறக்கும் கதவு

புரட்டாதி, செவ்வாய் இரவு

திருச்சியில இருந்து வந்த வசந்தா அம்மா பக்கத்து அறையில படுத்திட்டா. எனக்குத்தான் நித்திரை வருகுதில்ல.

அந்த அறையை வெளியூர் ஆக்களுக்கு வாடகைக்கு விடுறம். "இலங்கைன்னா எல்லாரும் கண்டிக்குத்தான் போறாங்க, பழசெல்லாம் உங்க மட்டக்களப்புலதானே இருக்கு" எண்டு போனிலேயே சொன்னவ. வாங்க, எங்கட அம்மன் கோயிலைக் காட்டுறன் எண்டன். வருசத்தில வைகாசிச் சடங்குக்கு மட்டும்தான் அந்தக் கதவு திறக்கும் எண்டு சொல்ல எனக்குத் தோணவே இல்ல. எங்களுக்கு அது என்ன புதினமா?

இண்டைக்கு வாவியைத் தோணியில கடந்து கூட்டிப்போனன். கதவில பூட்டு. பூசை செய்யிற கட்டாடியார் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார்: "பிள்ள, இப்ப நான் திறந்தா ஊர் தாங்காது. வைகாசிக்கு வரச் சொல்லுங்க."

"அதுக்குள்ள எனக்குக் கண்ணு தெரியாமப் போயிரும், ஐயா" எண்டா அவ. எனக்கே அப்பதான் தெரியும். கட்டாடியார் தலையைக் குனிஞ்சிட்டார். அவரைக் குறை சொல்லவும் ஏலாது.

திரும்பி வரக்குள்ள தோணியில என்ட கையைப் பிடிச்சுக் கேட்டா: "அம்மன் முகம் எப்படி இருக்கும்? நீங்க பாத்ததைச் சொல்லுங்க, அது போதும்."

நான் ஒவ்வொரு வைகாசியும் ஆக முன்னுக்குத்தான் நிப்பன். கதவு திறந்த உடன அழுகை வரும். கண்ணை இறுக்கி மூடிக் கும்பிடுவன். திரும்பத் திரை போடும்வரைக்கும் திறக்கமாட்டன்.