சிலிண்டர் சித்தப்பா

செவ்வாய் நாள் 212, 09:10
இதை எடுத்துப் படிப்பவருக்கு வணக்கம். எழுதுவது இளம்பரிதி, வயது பதினேழு. இந்தக் கூடாரத்தில் இருப்பது நானும் மாதங்கியும் மட்டும். எனக்கு ஆறு வயது மூத்தவள், கேப்டன் என்ற நினைப்பு வேறு.

வெளியே −71 டிகிரி, உள்ளே 18. தக்காளி நலம். மாதங்கிக்குச் சளி, இரண்டு நாளாக எதுவும் மணக்கவில்லையாம்.

புழுதிப் புயலில் சூரியத் தகடுகள் மூடிவிட்டதால் மின்சூடு பாதிதான். மீதிக்குக் குடை ஹீட்டர்: ஆளுயரத் தண்டு, தலையில் தகரக் குடை, காலடியில் புரொப்பேன் சிலிண்டர். மாதங்கி சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறாள்: "சிலிண்டரை வெளிக்கூண்டில் வை. எங்கே வைத்தாலும் நிமிர்த்தியே வை. வால்வை இறுக மூடு. சோப்பு நுரை தடவிக் கசிவு பார். பரிதியின் பொறுப்பு." கடைசிச் சொல்லைப் 'பருப்பு' என்று திருத்தியது நான்.

09:50
வெளிக்குளிரில் புரொப்பேன் ஆவியாகாமல் திரவமாகவே கிடக்கும். அதனால் எரிப்பதற்கு ஒரு மணி நேரம் முன் புதுச் சிலிண்டரை உள்ளே கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தேன். நிறுத்திவைக்கவில்லை. மாதங்கியின் விண்ணுடையை மாட்டி, அவள் படுக்கையில் படுக்கவைத்து, போர்த்திவிட்டேன். பெயர் சிலிண்டர் சித்தப்பா. மாதங்கி கீழறையில் உருளைக்கிழங்கு தோண்டுகிறாள். மேலே வந்தால் அலறல் நிச்சயம்.

நான் ரோவர் வண்டியில் ஏறித் தகடு துடைக்கக் கிளம்புகிறேன். சோப்பு நுரை? வந்து பார்த்துக்கொள்ளலாம்.

11:20, தகட்டு வயல்
ரோவர் திரையில் கூடாரத்து அளவு: கீழறையில் புரொப்பேன் 0.6 சதவீதம்.

அங்கே எச்சரிக்கை மணி அடித்திருக்க வேண்டும். போன வாரம் அதைச் சேவல் கூவுவதாக மாற்றினேன். மாதங்கி எரிச்சலில் கம்பியைப் பிடுங்கிப் போட்டாள்.

11:24
0.9. காற்றைவிடக் கனம், படி வழியே தண்ணீர் மாதிரி இறங்குகிறது. 2.1ஐத் தொட்டால் ஒரு பொறி போதும்.

ரேடியோ பதிவு:
"மாதங்கி, கேஸ் கசியுது. எதையும் பத்த வைக்காத."
"ஏல, சும்மா கெட. போன வாரம் ஆக்சிஜன் தீந்துட்டுன்ன. அதுக்கு மொத வாரம் பூமியக் காணோம்ன."
"நெசமாத்தான் சொல்லுதேன்."
"எனக்கு வெரல் வெறச்சுட்டு. பழைய சிலிண்டர்ல மிச்சம் இருக்கு, மேல போயி ஹீட்டரப் போடப் போறேன்."
"அக்கா."

பேசத் தெரிந்த நாளிலிருந்து அவளை நான் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"என்னல செஞ்ச?"

சொன்னேன்.

11:45, திரும்பும் வழி
அக்கா சித்தப்பாவை நிமிர்த்தி வால்வை மூடிவிட்டாள். கசிவு நின்றது. ஆனால் கீழறையில் 2.3. கூடாரத்துக் காற்று முழுவதையும் வெளியே விட்டால்தான் தீரும். அதற்கு விண்ணுடை வேண்டும். அவளுடையது திரவம் வழிந்து கழுத்து ரப்பர் விரிசல்விட்டுக் கிடக்கிறது. நான்தான் மாட்டினேன். நானேதான்.

இன்னொன்று. கீழறை 5 டிகிரிக்கு இறங்கினால் தண்ணீர்க்குழாய்ச் சூடேற்றி தானாக ஓடும். அதன் சுவிட்சில் பொறி பறக்கும். மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சும் அதே அறையில், அதே கதை. மணிக்கு மூன்று டிகிரி இறங்குகிறது. 15:20க்கு 5.

கிடங்கில் மாற்று உடை இருக்கிறது. ஆனால் அது கூடாரத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம்; கூடாரத்திலிருந்து போய்வர மூன்று மணி நேரம்.

12:35, கூடாரம். பொறிக்குப் பயந்து இனி பென்சில்தான்
ஏர்லாக் என்னும் இரட்டைக் கதவின் மோட்டாரைத் தொடாமல் கைச்சக்கரத்தைத் திருகி உள்ளே வந்தேன். என் உடையைக் கழற்றி நீட்டினேன்.

"நீ?"
"ரோவர்ல புதுசு ஒண்ணு கெடக்குக்கா. போயி எடுத்து ஏர்லாக்குல வையி, மாட்டிட்டு வாரேன்."

நம்பிவிட்டாள். நான் சொன்ன எத்தனையோ பொய்களில் இதைப் போய் நம்பினாள்.

12:48
வெளியிலிருந்து சுவரை இடிக்கிறாள். ரோவர் இருக்கையில் துண்டுச்சீட்டுதான் இருக்கும்: 'கிடங்குக்குப் போ அக்கா. நேரமில்லை.'

12:53
இடி நின்றது. ரோவர் நகரும் அதிர்வு. 15:53க்குத்தான் திரும்புவாள். கணக்கில் முப்பத்து மூன்று நிமிடம் உதைக்கிறது.

14:30
7.5. கீழறைக்கு வந்துவிட்டேன். தலை சுற்றுகிறது. வெப்பத்தைப் பார்த்துச் சூடேற்றியைக் கிளப்புவது சுண்டுவிரல் அளவு உணரி ஒன்று, கம்பியில் தொங்குகிறது. அது சூடாக இருந்தால் சுவிட்ச் தூங்கும். உள்ளங்கையில் பொத்திக்கொண்டேன்.

15:25
5 தாண்டியாயிற்று. சுவிட்ச் இன்னும் அசையவில்லை. கை விறைத்துவிட்டது, அதில் சூடில்லை. உணரியை வாயில் போட்டுக்கொண்டேன். என் வாய் செய்யும் முதல் உருப்படியான வேலை.

15:40
மேல்சுவரில் அவள் எழுதியது படித் திறப்பு வழியே இங்கிருந்து தெரிகிறது. பருப்பு. அழிக்கப் போகணும். போனால் கம்பி எட்டாது.

15:5
வாயைத் திறக்கக் கூடாது பல் தந்தியடிக்கிறது உணரி நழுவுது அக்கா வந்தா சிரிப்புக் காட்டாத

தட்டுற சத்தம் கேக்குது. சுவத்திலயா என் பல்லானு தெரிய